முன்கூட்டியே சொல்லிவிட்டு வந்த ஆய்வு: பெர்லின் – டெரெசின் – ப்ராக்

நவம்பர் 9, பெர்லின்

காலை ஒன்பது மணிக்கு 4 டிகிரி. ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நடக்க இறங்கினால், பக்கத்துக் கட்டடத்தின் வாசலில் ஒரு பெரியவர் பழைய மெத்தைத் துண்டு ஒன்றை விரித்து, அதன்மேல் மண்டியிட்டு நடைபாதையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கையில் பல் துலக்கும் பிரஷ், பக்கத்தில் பாலிஷ் ட்யூப். சைக்கிளில் வந்த ஒருத்தி மணியடிக்க, அவர் எழுந்திருக்காமலேயே ஜெர்மனில் ஏதோ திட்டினார். அந்தப் பெண் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே சுற்றிப் போனாள்.

அவர் தேய்த்தது நான்கு பித்தளைத் தகடுகள். ஒவ்வொன்றும் பத்து சென்டிமீட்டர் சதுரம். குன்டர் டெம்னிக் என்ற கலைஞர் 1990களில் தொடங்கிய வேலை இது. நாஜிகளால் கொண்டுபோகப்பட்டவர்கள் கடைசியாக விரும்பிக் குடியிருந்த வீட்டு வாசலில் பெயர், பிறந்த ஆண்டு, அனுப்பிய தேதி, அனுப்பிய இடம், முடிவு எல்லாம் பொறித்துப் பதிக்கிறார்கள். ஐரோப்பா முழுக்க ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. 1938 நவம்பர் 9 இரவில்தான் ஜெர்மனியெங்கும் யூதக் கோயில்களைக் கொளுத்தி, கடைகளை உடைத்து, சுமார் 30,000 யூத ஆண்களைப் பிடித்து டாகாவ், பூகன்வால்ட், சாக்சன்ஹௌசன் முகாம்களுக்கு அனுப்பினார்கள். அதனால் வருடாவருடம் இந்தத் தேதியில் அக்கம்பக்கத்தார் தகடுகளைத் துலக்குகிறார்கள்.

"உங்கள் சொந்தக்காரர்களா?" என்று அக்கா மகள் பிருந்தாவை விட்டுக் கேட்கச் சொன்னேன். இல்லையாம். இந்தக் கட்டடத்தில் குடியிருப்பவராம், அவ்வளவுதான். நாலில் ஒரு தகடு எழுபது வயது தாண்டிய ஒரு பெண்ணுடையது. 1942இல் தெரேசியன்ஷ்டாட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். சில மாதங்களில் சாவு.

"சித்தி, நாம் ப்ராக் போகும் வழியில் இறங்கப் போகிறோமே, டெரெசின். அதன் ஜெர்மன் பெயர்தான் இது" என்றாள் பிருந்தா.

மத்தியானம் துருக்கிக் கடையில் பருப்புச் சூப், எலுமிச்சை பிழிந்து, 6 யூரோ. கேட்காமலே இன்னும் இரண்டு துண்டு ரொட்டி வைத்துவிட்டுப் போனார் கடைக்காரர். பெர்லினில் சிரித்துப் பேசிய முதல் ஆள்.

நவம்பர் 10, க்ரூனவால்டிலிருந்து டெரெசின் வரை

பணக்காரக் குடியிருப்பு க்ரூனவால்ட். ஸ்டேஷன் வாசலில் பூக்கடை, மரங்களெல்லாம் மஞ்சள். மற்ற பிளாட்பாரங்களில் ரயில் ஓடுகிறது, 17ஆம் நடைமேடையில் ஓடுவதில்லை. தண்டவாளத்தின் நடுவே மரங்கள் வளர்ந்து நிற்கின்றன. விளிம்பு நெடுக இரும்புத் தகடுகள் பதித்திருக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு தேதி, எத்தனை யூதர்கள், எந்த ஊருக்கு. 1941 அக்டோபர் 18இல் ஆயிரத்துக்கு மேற்பட்டோருடன் முதல் வண்டி போலந்தின் உட்ச் நகருக்குப் போயிருக்கிறது. அப்புறம் ரீகா, மின்ஸ்க், கொலைமுகாமான ஆஷ்விட்ஸ். நடுநடுவே தெரேசியன்ஷ்டாட், தெரேசியன்ஷ்டாட் என்று வந்துகொண்டே இருக்கிறது. நூறு பேர், ஐம்பது பேர், நூறு பேர். கடைசித் தகடும் அந்த ஊருக்குத்தான்: 1945 மார்ச் 27, பதினெட்டுப் பேர். சோவியத் படை பெர்லினை நெருங்கிக்கொண்டிருந்த நேரத்திலும் பதினெட்டுப் பேருக்காக ஒருத்தர் உட்கார்ந்து பட்டியல் தட்டச்சு செய்திருக்கிறார்.

ஏன் நூறும் ஐம்பதுமாக? அவர்கள் வயதானவர்கள். இந்த 'முதியோர் வண்டி'களில் பெரும்பாலானவை நகர நடுவில் இருந்த ஆன்ஹால்டர் ஸ்டேஷனிலிருந்து கிளம்பின. தினமும் ஓடும் சாதாரணப் பயணிகள் ரயிலின் வாலில் ஒன்றிரண்டு மூன்றாம் வகுப்புப் பெட்டிகளைக் கூடுதலாக மாட்டிவிடுவார்கள். முன்பெட்டிகளில் வேலைக்கும் உறவினர் வீட்டுக்கும் போகிற ஜனம். பின்பெட்டியில் இவர்கள். இதற்குக் கட்டணமும் உண்டு. ஆளுக்குக் கிலோமீட்டருக்கு 4 பென்னிக், பத்து வயதுக்குட்பட்டவர்களுக்குப் பாதி, நான்கு வயதுக்குட்பட்டவர்களுக்கு இலவசம், நானூறு பேருக்கு மேல் போனால் கூட்டச் சலுகை. வங்கியில் ஆய்வுப் பிரிவில் காலம் தள்ளியவள் நான். இந்தக் கட்டண அட்டவணையைப் படித்ததிலிருந்து வேறு எதுவும் மனசில் ஏறவில்லை.

ப்ராக் ரயிலில் செக் நாட்டுச் சாப்பாட்டுப் பெட்டி இருந்தது. பூண்டுச் சூப் ஆவி பறக்க வந்தது. ட்ரெஸ்டனைத் தாண்டினால் எல்பே ஆறும் மணற்பாறை மலைகளும் கூடவே வருகின்றன. அதற்காகவே இந்த வழியில் ஒருமுறை போகலாம். உஸ்தியில் இறங்கி, லோக்கல் வண்டி பிடித்து போஹுஷோவிட்சே வந்தோம். சின்ன ஸ்டேஷன், எங்களோடு ஒரு ஐயாவும் அவர் நாயும்தான் இறங்கினார்கள்.

டெரெசின் முகாமுக்கு வந்தவர்களும் 1943 ஜூன் வரை இங்கேதான் இறங்கினார்கள். அதன்பிறகுதான் ஊருக்குள் கிளைத் தண்டவாளம் போட்டார்கள், அதுவும் கைதிகளை வைத்தே. அதுவரை சுமார் மூன்று கிலோமீட்டர், சாமான்களைத் தூக்கிக்கொண்டு நடை. எங்கள் நடையில் பாதி வழியில் என் பெட்டியின் சக்கரம் கல்பாவிய ரோட்டில் மாட்டிக் கழன்றுவிட்டது. தூறல் வேறு. எதிரே வந்த பள்ளிக்கூடப் பையன் ஒருவன் ஒரு வார்த்தை பேசாமல் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை வந்தான். நன்றி சொன்னதற்குத் தலையை மட்டும் ஆட்டினான். செக் நாட்டில் சிரிப்புக்குத்தான் பஞ்சம், உதவிக்கு இல்லை.

நாலரை மணிக்கே இருட்டு. ஆற்றைக் கடந்து லிட்டோமெர்ஜிட்சேவில் அறை எடுத்தோம். மூலைக்கடை வியட்நாம் தம்பதியுடையது. கப் நூடுல்ஸ் 35 கொருனா. கொருனாவை நாலால் பெருக்கினால் ஏறக்குறைய ரூபாய்.

நவம்பர் 11, டெரெசின்

1780களில் இரண்டாம் ஜோசப் பேரரசர் தன் தாய் மரியா தெரேசாவின் பெயரில் கட்டிய கோட்டை ஊர். நட்சத்திர வடிவில் செங்கல் மதில், அகழி, உள்ளே கோடு போட்டாற்போல நேர் வீதிகள், வீதிக்கு வீதி படைவீடு. போருக்கு முன் சிப்பாய்களையும் சேர்த்து சுமார் 7,000 பேர் இருந்தார்கள். 1942 செப்டம்பரில் இதற்குள் 58,000க்கு மேல் அடைத்திருந்தார்கள். அந்த ஒரு மாதத்தில் மட்டும் சுமார் 3,900 பேர் செத்தார்கள். பசி, வயிற்றுப்போக்கு, தொற்றுநோய், படுக்க இடமில்லாமை. விஷவாயு அறை இங்கே இயங்கவில்லை.

இன்று ஒரு மூவாயிரம் பேர் குடியிருக்கிறார்கள். அதுதான் முதலில் திடுக்கென்கிறது. பழைய படைவீட்டு ஜன்னலில் போர்வை உலர்கிறது. மளிகைக் கடையில் வாழைப்பழம் கிலோ 35 கொருனா. நாங்கள் நின்று நின்று பார்ப்பதை மாடியிலிருந்து ஒரு அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். ரொம்ப நாள் பழகிப்போன அலுப்பு முகத்தில்.

ஆண் பிள்ளைகள் விடுதியாக இருந்த எல்417 கட்டடம்தான் இப்போது கெட்டோ அருங்காட்சியகம். கெட்டோ என்றால் யூதர்களை அடைத்துவைத்த பகுதி. இங்கே இருந்த பையன்கள் ரகசியமாக ஒரு வாரப் பத்திரிகையைக் கையால் எழுதி நடத்தினார்கள். ஆசிரியன் பெட்ர் கின்ஸ் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டபோது வயது பதினாறு.

பிருந்தா ஓவியங்களில் நின்றுவிட்டாள். என்னைப் பிடித்து நிறுத்தியது காகிதம். முதலில் 'வீடு வாங்கும் ஒப்பந்தம்'. ஜெர்மனியின் வயதான யூதர்கள் தங்கள் சேமிப்பு, பங்கு, காப்பீடு எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். பதிலுக்கு ஆயுள் முழுக்க இருப்பிடம், சாப்பாடு, மருத்துவம் என்று தெரேசியன்ஷ்டாட்டில் தருவதாக உறுதி. இரண்டு தரப்புக் கையெழுத்து, தொகை, தேதி எல்லாம் ஒழுங்கு. பணம் கடைசியில் போய்ச் சேர்ந்தது நாஜி ஆட்சியின் பாதுகாப்புத் தலைமையகத்துக்கு. முதியோர் விடுதிக்கு, வெந்நீர் ஊற்று ஊருக்குப் போகிறோம் என்று நம்பி, நல்ல உடுப்பும் தொப்பியும் எடுத்து வந்தவர்கள் உண்டு. வந்து இறங்கி, ஏரி பார்த்த அறை கிடைக்குமா என்று கேட்டவர்களைப் பற்றிப் பிழைத்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். கிடைத்தது கூரைக்கடியில் வைக்கோல்.

அடுத்தது ரூபாய் நோட்டு. அதாவது கெட்டோ கொருனா, ஒன்றிலிருந்து நூறு வரை. பத்துக் கட்டளைப் பலகையோடு மோசே. வரைந்தவர் பீட்டர் கீன் என்ற இளம் ஓவியக் கைதி, கையெழுத்து யூத மூப்பர் யாகோப் எடெல்ஸ்டைன். 1943இல் இங்கே ஒரு வங்கியே திறந்தார்கள், சேமிப்புக் கணக்குப் புத்தகம் உட்பட. கூலியில் ஒரு பகுதியைக் கணக்கில் வரவு வைப்பார்கள், எடுக்க முடியாது. நோட்டைக் கொடுத்து வாங்கவும் பெரிதாக ஒன்றுமில்லை. கடையில் இருந்ததே கைதிகளிடம் பிடுங்கிய சாமான்தான். நோட்டுகள் கசங்கவே இல்லை. முப்பது வருடத்தில் ஆயிரம் கள்ள நோட்டு பார்த்திருப்பேன். இதுபோல அச்சு, எண், கையெழுத்து எல்லாம் சரியாக இருந்து மொத்த வங்கியே கள்ளமாக இருந்ததைப் பார்த்ததில்லை.

மத்தியானம் மழை நின்றதும் தெற்கே போஹுஷோவிட்சே பக்கத்துத் தாழ்வான வயல்வெளிக்கு நடந்தோம். தேதி தற்செயலாக அமைந்தது: 1943 நவம்பர் 11. தலை எண்ணிக்கை இடிக்கிறது, தப்பியவர்களை எடெல்ஸ்டைன் மறைக்கிறார் என்று அவரைக் கைது செய்துவிட்டு, முகாமின் நாஜித் தலைவன், கமாண்டன்ட் அன்டன் பர்கர், கெட்டோ முழுவதையும், சுமார் 40,000 பேரை, குழந்தை கிழவர் பாராமல் விடியற்காலையில் இங்கே ஓட்டிவந்தான். நாள் முழுக்க நிற்க வைத்து எண்ணினார்கள். கணக்கு ஒத்துவரவில்லை. மறுபடி எண்ணினார்கள். ராத்திரிதான் திருப்பி அனுப்பினார்கள். விழுந்து செத்தவர்களும் உண்டு. எடெல்ஸ்டைனை மனைவி மகனோடு 1944 ஜூனில் ஆஷ்விட்ஸில் சுட்டார்கள். நாங்கள் பதினைந்து நிமிடம் நின்றோம். ஷூவுக்குள் ஈரம் ஏறியதும் பிருந்தா "போகலாம் சித்தி" என்றாள்.

வழியில் சுடலை. நான்கு எண்ணெய் உலைகள், சுமார் 30,000 உடல்கள். சாம்பலை அட்டைப் பெட்டிகளில் பெயர் எழுதி அடுக்கியிருந்தார்கள், போர் முடிந்ததும் குடும்பத்துக்குக் கிடைக்கும் என்ற பேச்சோடு. 1944 நவம்பரில் சுமார் 22,000 பேரின் சாம்பலை ஓஹ்ர்ஜெ ஆற்றில் கொட்டினார்கள். பெட்டிகளைக் கைமாற்றிவிட வரிசையில் நிறுத்தியவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள்.

ராத்திரி லிட்டோமெர்ஜிட்சேவில் எந்த ஓட்டலில் நுழைந்தாலும் வாத்துதான். இன்று புனித மார்ட்டின் நாளாம், வாத்து வறுவலும் இந்த வருடத்துப் புது ஒயினும். காலை 11 மணிக்கு மேல்தான் புட்டியைத் திறப்பார்களாம். வாத்து எனக்கு ஒத்துவராது. பொரித்த சீஸும் உருளைக்கிழங்கும் 185 கொருனா. பக்கத்து மேஜைக் குடும்பம் நான் ஒயின் வேண்டாம் என்றதற்கு உண்மையாகவே வருத்தப்பட்டது.

சாப்பிடும்போது பிருந்தா ஒன்று சொன்னாள். கெட்டோவில் பட்டினி கிடந்த பெண்கள் ஒருவருக்கொருவர் சமையல் குறிப்பு சொல்லிக்கொள்வார்களாம். மினா பேஷ்டர் என்ற கிழவி அப்படிச் சேர்த்து எழுதிய கட்டு ஒன்று, அவர் 1944இல் இங்கே இறந்து கால் நூற்றாண்டு கழித்து, கைமாறிக் கைமாறி நியூயார்க்கில் மகளிடம் போய்ச் சேர்ந்ததாம். பசியில் நினைவு தப்பி, சில குறிப்புகளில் ஒரு சாமானே விட்டுப்போயிருக்கிறது.

நவம்பர் 12, சின்னக் கோட்டை

ஆற்றுக்கு அந்தப் பக்கம் நாஜி ரகசியப் போலீஸான கெஸ்டபோவின் சிறை. முதல் உலகப்போரைக் கிளப்பிய துப்பாக்கிக்காரன் கவ்ரிலோ பிரின்சிப்பை ஆஸ்திரியர்கள் சங்கிலி போட்டு வைத்திருந்ததும் இங்கேதான். அந்த அறை முன்னால் மட்டும் கூட்டம். வாசலில் சுமார் 10,000 பேரைப் புதைத்த மயானம், வரிசை வரிசையாகக் கல், நடுநடுவே ரோஜாச் செடி.

வழிகாட்டி ஒரு இளைஞர், மூக்கடைப்போடு வேகவேகமாகப் பேசினார். ஒரு அறையில் மட்டும் நிறுத்தினார். நீண்ட வரிசையாக வெள்ளைப் பீங்கான் வாஷ்பேசின்கள், ஒவ்வொன்றுக்கும் மேல் கண்ணாடி. பளபளவென்று, இன்றைக்கும் ஒரு கீறல் இல்லை. "தொட்டுப் பாருங்கள்" என்றார். குழாயில் தண்ணீர் வராது. எந்தக் காலத்திலும் வந்ததில்லை. செஞ்சிலுவைச் சங்கத்தார் வருவார்கள் என்று கட்டியது, இணைப்பே கொடுக்கவில்லை. அவர்கள் இந்தப் பக்கம் வரவுமில்லை.

கெட்டோவுக்கு வந்தார்கள். டென்மார்க்கிலிருந்து பிடித்துவந்த சுமார் 470 யூதர்களின் கதி என்ன என்று டேனிஷ் அரசு விடாமல் கேட்டதால் வந்த வருகை அது. மாதக்கணக்கில் ஏற்பாடு. சுவருக்கு வெள்ளை, சதுக்கத்தில் புல், ரோஜா, இசை மண்டபம், பிள்ளைகளுக்கு ஊஞ்சல். எல்1 என்றிருந்த தெருவுக்கு 'ஏரி வீதி' என்று பெயர்ப்பலகை. ஏரி எதுவும் கிடையாது. நெரிசல் தெரியக்கூடாதென்று மே மாதம் 7,503 பேரை ஆஷ்விட்ஸுக்கு ரயிலேற்றினார்கள். 1944 ஜூன் 23 அன்று ஒரு சுவிஸ் பிரதிநிதி மொரிஸ் ரொஸ்ஸெல், இரண்டு டேனிஷ் அதிகாரிகள். எந்தத் தெரு, எந்த நிமிடம், எந்தக் கதவு என்று முன்பே தீட்டிய பாதை. அப்போது கமாண்டன்டாக இருந்த ராமைப் பார்த்துப் பிள்ளைகள் "மறுபடியும் சார்டின் மீனா, ராம் மாமா?" என்று சலித்துக்கொள்ள வேண்டும், அப்படிப் பழக்கியிருந்தார்கள்.

கிளை ஆய்வுக்கு நாங்கள் வருகிறோம் என்று ஒரு வாரம் முன்னால் கசிந்துவிட்டால் நடப்பது இதேதான். பூந்தொட்டி வந்துவிடும், பழைய ஃபைல் எல்லாம் சாப்பாட்டு அறை அலமாரிக்குள் போய்ப் பூட்டிக்கொள்ளும், மேனேஜர் காபியோடு கூடவே நடப்பார். அதனால்தான் அந்த அலமாரிச் சாவியை முதலில் கேட்பது.

சாயங்காலம் ப்ராக். பஸ்ஸில் ஹீட்டர் கொதித்தது, வெளியே 2 டிகிரி. அங்கே போனதும் எனக்குத் தும்மல் ஆரம்பம்.

நவம்பர் 13, ப்ராக்

பிங்கஸ் யூதக் கோயில். உள்ளே சாமான் எதுவுமில்லை, சுவர் மட்டும். அதில் போஹிமியா, மொராவியா யூதர்கள் கிட்டத்தட்ட 80,000 பேரின் பெயர்களைக் கையால் எழுதியிருக்கிறார்கள். ஊர் மஞ்சளில், குடும்பப் பெயர் சிவப்பில், ஆள் பெயரும் தேதிகளும் கறுப்பில். 1950களில் இரண்டு ஓவியர்கள் எழுதியது. கம்யூனிஸ்டுகள் காலத்தில் ஈரக்கசிவு என்று மூடிப்போட்டு, எழுத்தும் அழிந்துவிட்டது. 1990களில் முதலிலிருந்து எழுதினார்கள். என் உயரத்துக்கு மேல் இருப்பதைப் படிக்கக் கழுத்து வலித்தது. பாதுகாவலர் அம்மா என் தும்மலைப் பார்த்து ஒரு டிஷ்யூப் பொட்டலத்தை நீட்டிவிட்டு, ஃபோனில் பேசிய ஒரு இத்தாலியரை வெளியே போகச் சொன்னார்.

மாடியில் கெட்டோப் பிள்ளைகளின் படங்கள். பௌஹௌஸ் என்ற ஜெர்மன் கலைப்பள்ளியில் படித்த ஃப்ரீட்ல் டிக்கர்-ப்ராண்டைஸ் ரகசியமாக வகுப்பு எடுத்தார். கிடைத்த காகிதத்தின் பின்பக்கத்தில் வரைய வைத்தார், ஒவ்வொன்றிலும் பெயர் எழுத வைத்தார். 1944 அக்டோபரில் தன்னை ரயிலேற்றும் முன், சுமார் 4,500 படங்களை இரண்டு பெட்டிகளில் வைத்துவிட்டுப் போனார். ஒரு படத்தில் சாப்பாட்டு மேஜை, நடுவில் தட்டு, தட்டை மட்டும் திரும்பத் திரும்பக் கறுப்புப் பென்சிலால் அழுத்தி அழுத்திச் சுற்றியிருந்தது அந்தக் குழந்தை.

வெளியே கூட்டம் தாங்கவில்லை. பழைய சதுக்கத்தில் ஒரு உருட்டுப் பணியாரம், சர்க்கரை தூவியது, 150 கொருனா. அநியாயம். இரண்டு தெரு தள்ளி வேலைக்குப் போகிறவர்கள் சாப்பிடும் கடையில் அதே காசுக்குச் சூப்பும் உருளைக்கிழங்குத் தோசையும் வந்தன.

அங்கே உட்கார்ந்துதான் பிருந்தா கேட்டாள்: "அந்த ரொஸ்ஸெல் என்ன, முட்டாளா சித்தி? இல்லை, கண்டும் காணாமல் விட்டாரா?"

அவருக்கு அப்போது 27 வயது. மாலை வரை ஊருக்குள் நடந்திருக்கிறார், படம் எடுத்திருக்கிறார், யாரிடமும் தனியாகப் பேசக் கேட்கவில்லை, பாதையில் இல்லாத கதவு ஒன்றைத் திறக்கச் சொல்லவில்லை. யாராவது கண்ணைக் காட்டியிருக்கலாமே, ஒரு சீட்டு நழுவவிட்டிருக்கலாமே என்பது பிற்பாடு அவர் சொன்னது. 1979இல் ஒரு பேட்டியில், அந்த அறிக்கையில் இன்றும் கையெழுத்துப் போடுவேன் என்றார். எங்கள் பிரிவில் இப்படி ஒருத்தர் இருந்திருந்தால் முட்டாள் என்று சொல்லியிருக்க மாட்டோம். கொடுத்த லிஸ்டில் டிக் அடித்துவிட்டுச் சாப்பாட்டுக்குப் போகிறவர் என்போம்.

"அறிக்கையில் என்னதான் எழுதினார்?"

சாதாரண மாகாண ஊர் மாதிரி இருக்கிறது என்று. அப்புறம், இது இறுதி முகாம், இங்கே வந்தவர்களை வழக்கமாக வேறெங்கும் அனுப்புவதில்லை என்று. மூன்று மாதம் கழித்து, செப்டம்பர் 28இலிருந்து அக்டோபர் 28க்குள் பதினோரு ரயில்களில் 18,402 பேரை ஆஷ்விட்ஸுக்கு அனுப்பினார்கள். அவர் கேட்ட பாட்டைப் பாடியவர்களும், ஊஞ்சலாடிய பிள்ளைகளும், நோட்டுக்குப் படம் வரைந்த பீட்டர் கீனும் அதில் போனார்கள்.